பூட்டிய மைக்கூடு

ராசிபுரம் பக்கத்தில் சிறியதொரு போட்டோ ஸ்டூடியோ வைத்து ஜீவனம் செய்யும் அன்பர் ஒருவர் சில தினங்களுக்கு முன் நமது காரியாலயத்திற்கு வந்திருந்தார். அவர் கொண்டுவந்த குறை ஒரு மைக்கூட்டைப் பற்றியது. பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயம். பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டித் தாய்மாரும் பிள்ளைகளும் அவர் கடை வாசலில் நிற்கிறார்கள். முந்தின நாள் இரவு வரையில் ஒழுங்காக வேலை செய்த பிரிண்டர், காலையில், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை ஏற்க முடியாது என்று எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. மை வற்றவில்லை, யந்திரத்தில் பழுதுமில்லை. இரவோடிரவாக இணையத்தின் வழியே கம்பெனியிடமிருந்து ஒரு கட்டளை வந்து யந்திரத்துக்குள் புகுந்திருக்கிறது. அவர் தம் கையால் மை நிரப்பி வைத்திருந்த கூட்டை அது அன்று முதல் அந்நியமாகப் பாவிக்கத் தொடங்கிவிட்டது. அன்பர் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய்க் கம்பெனியின் கூடுகளை வாங்கித் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். "ரொக்கம் கொடுத்து வாங்கின யந்திரம், ஐயா! இது என்னுடையதா, அவர்களுடையதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று அவர் நம்மைக் கேட்டார்.

கேள்வி சிறியதுபோல் தோன்றலாம். மைக்கூட்டைப் பற்றித் தலையங்கமா என்று நகைப்பவர்களும் இருக்கக்கூடும். ஆனால், விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு உடையவன் யார் என்பது சொத்துரிமையின் முதற்பாடம். அந்தப் பாடத்தையே மாற்றி எழுத இன்று சில கம்பெனிகள் துணிந்திருக்கின்றன என்றால், அதைப் பொதுஜனங்களின் முன்வைத்து ஆராய்வது பத்திரிகையின் கடமையாகும். அன்பரின் யந்திரம் எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமன்று. இந்த வழக்கம் ஒரே கம்பெனியோடு நிற்பதன்று.

முதலில் வியாபாரத்தின் போக்கைக் கவனிப்போம். படம் அச்சிடும் பிரிண்டர்களில் பலவற்றை மலிவாக விற்று, மையைக் கிராக்கியாக விற்பது கம்பெனிகளின் நெடுநாளைய முறை. யந்திரத்தை ஒரே தடவை வாங்குகிறோம். மையையோ மாதந்தோறும் வாங்குகிறோம். சாதாரணக் கார்ட்ரிட்ஜ் பலவற்றில் இருக்கும் மை பத்து மில்லி லிட்டரைக்கூட எட்டாது. காலியான கூட்டை நிரப்பச் சந்தையில் கிடைக்கும் மையோ அதன் விலையில் ஒரு சிறு பங்குதான். ஆகவே ஜனங்கள் ஊசி கொண்டு தாங்களே மை நிரப்பிக்கொள்ளத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப நிரப்பத்தக்க கூடுகளும் கடைகளில் வந்தன. இதைக் கண்ட கம்பெனிகள் கூட்டின் மேல் நகக்கண் அளவுள்ள ஒரு சிப்பைப் பதித்தன. இவ்வளவு மை செலவாயிற்று என்று கணக்கு வைப்பது அதன் ஒரு வேலை. இந்தக் கூடு நம்முடையதா, பிறருடையதா என்று யந்திரத்துக்குச் சொல்லுவது மற்றொரு வேலை. முதல் வேலை உபயோகமானது. இரண்டாவது வேலை காவற்காரன் வேலை. வீட்டுக்கு உடையவனே சம்பளம் கொடுத்து, தன்னைத் தன் வீட்டுக்குள் விடாத காவற்காரனை வைத்துக்கொள்வதற்கு இது ஒப்பாகும்.

கம்பெனிகளின் நோக்கத்தை நாம் ஊகித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஹெச்.பி. கம்பெனியின் தலைவராக இருந்த என்ரிக்கே லோரஸ் என்பவர் 2024-ம் வருஷம் ஜனவரி மாதம் ஒரு பேட்டியில் இதை மறைக்காமலே கூறினார். பிரிண்டர் வாங்கும் ஒவ்வொருவரும் கம்பெனி செய்யும் முதலீடு என்றும், அவர் போதிய அளவு அச்சிடாவிட்டாலோ கம்பெனியின் மையை உபயோகிக்காவிட்டாலோ அது நஷ்டமான முதலீடு என்றும், அச்சிடுவதையே சந்தா கட்டிப் பெறும் சேவையாக்குவது தங்கள் நீண்டகால லட்சியம் என்றும் அவர் சொன்னதன் சாரம். நாம் யந்திரத்தை வாங்கியதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவர்களோ நம்மை வாங்கியதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!

இதே கம்பெனியின் பிரிண்டர்கள் பல 2016-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதியன்று உலகெங்கும் பிறர் தயாரித்த கூடுகளை ஏற்க மறுத்தன. முன்னமே உள்ளே வைத்திருந்த கட்டளை குறித்த நாளில் விழித்துக்கொண்டது. கூக்குரல் எழுந்தபின் கம்பெனி வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கும் கட்டளை ஒன்றையும் வெளியிட்டது. கலிபோர்னியாவில் தொடுக்கப்பட்ட வழக்கை 2018-ல் பதினைந்து லட்சம் டாலருக்குச் சமரசமாக முடித்துக்கொண்டது. இத்தாலியின் போட்டிப் பாதுகாப்பு அதிகாரிகள், பிறர் கூடுகளுக்குள்ள தடையை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020 டிசம்பரில் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். ஆயினும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

இந்தச் சிப்பு இல்லாவிட்டால் அச்சு கெட்டுவிடும் என்று சொல்லுகிறார்கள். அதற்கு விடை, வேறொரு பெரிய கம்பெனியின் நடவடிக்கையிலேயே கிடைத்தது. உலகமெங்கும் சிப்புக்குப் பஞ்சம் ஏற்பட்டிருந்த காலத்தில், அதாவது 2022-ம் வருஷத் தொடக்கத்தில், கேனன் கம்பெனி தன் அலுவலகப் பிரிண்டர்கள் சிலவற்றுக்குரிய மைத்தூள் கூடுகளைச் சிப்பு இல்லாமலே அனுப்ப நேர்ந்தது. தன் கூடுகளையே தன் யந்திரங்கள் சந்தேகித்து எச்சரிக்கை காட்டவே, அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு அச்சிடும் விதத்தை ஜெர்மனியிலுள்ள வாடிக்கைக்காரர்களுக்கு அக்கம்பெனியே எடுத்துச் சொல்லிற்று. மையின் மட்டம் முன்னமே தெரியாமற்போகலாம். அச்சின் தரத்துக்குக் குறைவில்லை என்பதே அப்போது கூறப்பட்டது. நாம் சொன்னால் அது குதர்க்கம். அவர்கள் வாயால் வந்தபின் அதை மறுப்பது எப்படி?

எதிர்க்கட்சியின் வாதங்களிலும் நியாயம் அறவே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். மட்டமான மை யந்திரத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. அச்சுத்தலை கூட்டோடு ஒட்டியிருக்கும் ஜாதி யந்திரங்களில், மை கெட்டால் கூட்டோடு போயிற்று. அச்சுத்தலை யந்திரத்திலேயே நிலைத்திருக்கும் ஜாதியிலோ, மயிரிழையிலும் நுண்ணிய துவாரங்கள் அடைபட்டால் யந்திரத்துக்கே மோசம். தரங்கெட்ட மையில் அச்சிட்ட படம் சுவரிலே சில மாதங்களில் வெளுத்துப்போவதும் உண்டு. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் இவை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கைகளேயன்றி, அவர் கையைக் கட்டுவதற்குக் காரணங்களல்ல. நிரப்பிய கூட்டின் வழியே வைரஸ் புகுந்துவிடும் என்று ஒரு பயத்தையும் கிளப்பினார்கள். மைக்கு வைரஸ் இல்லை. அப்படியொரு அபாயம் இருக்குமானால் அது சிப்பின் வழியாகத்தான் வரவேண்டும். அந்தச் சிப்பை அங்கே கொண்டுவந்து வைத்தவர் யார்?

நமது ஜில்லாக்களில் இந்த நியாயத்தை விளக்கப் புஸ்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பிரதேசங்கள் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. லாரிச் சொந்தக்காரர் தேய்ந்த டயருக்கு ரீட்ரேடிங் செய்து மறுபடியும் ஓட்டுகிறார். மோசமான பட்டறையில் ஒட்டினால் வழியில் பிய்ந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். ஆகையால் நல்ல பட்டறையைத் தேடிப் போகிறார். டயர் செய்த கம்பெனி அவர் லாரியை நடுரோட்டில் நிறுத்தி, 'எங்களிடம் புதிதாக வாங்கினால்தான் சக்கரம் சுழலும்' என்று சொன்னால் சங்ககிரியிலே என்ன நடக்கும் என்பதை நாம் எழுத வேண்டுமா? லாரிக்காரருக்கு உள்ள சுதந்திரம் படக்கடைக்காரருக்கு ஏன் இல்லை? லாரிக்காரர்கள் சங்கம் கூடிக் கேட்கிறார்கள். படக்கடைக்காரர் தனியாக நின்று முணுமுணுக்கிறார். வேற்றுமை இதுவேயன்றி நியாயத்தில் வேற்றுமை கிடையாது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் லெக்ஸ்மார்க் கம்பெனி, காலிக் கூடுகளை வாங்கி மைத்தூள் நிரப்பி விற்றவர்கள்மீது பேட்டண்ட் உரிமையைக் காட்டி வழக்காடியது. ஒரே தடவைதான் உபயோகிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, விலை குறைத்து விற்ற கூடுகளும் அவற்றில் அடக்கம். 2017-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதியன்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், பொருளை விற்ற மாத்திரத்தில் அதன்மீது விற்பவருக்குள்ள பேட்டண்ட் உரிமை தீர்ந்துவிடுகிறது, அது அயல்நாட்டில் விற்கப்பட்டிருந்தாலும் சரி, என்று தீர்மானித்தது. நிபந்தனையை மீறினால் ஒப்பந்த வழக்குப் போடலாம். பேட்டண்ட் வழக்குப் போட முடியாது என்பது அதன் கருத்து. இதே கம்பெனி சிப்பைப் போல் சிப்புச் செய்தவரைப் பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டு மடக்கப் பார்த்ததும், 2004-ல் அப்பீல் கோர்ட்டில் பலிக்கவில்லை.

நமது தேசத்துச் சட்டம் பொதுஜனங்களுக்கு இன்னும் அனுகூலமானது என்பது நம் அபிப்பிராயம். பிரிண்டர்களைப் பற்றியே ஒரு வழக்கு டில்லி ஹைகோர்ட்டில் நடந்தது. சாம்சங் பிரிண்டர்களை அயல்நாட்டுச் சந்தையில் வாங்கி இங்கே விற்ற வியாபாரிகளைத் தடுக்க அக்கம்பெனி வழக்குத் தொடுத்தது. 2012-ம் வருஷம் அக்டோபரில் தீர்ப்பளித்த இரு நீதிபதிகள் பெஞ்சு, முறையாக ஒருமுறை விற்கப்பட்ட பொருளை வாங்கி மறுபடியும் விற்பதைத் தடுக்க வியாபார முத்திரையின் சொந்தக்காரருக்கு உரிமையில்லை என்று கூறிற்று. இவை இறக்குமதிச் சரக்கு, கம்பெனியின் உத்தரவாதம் இல்லாதவை என்று கடையில் தெரியும்படி எழுதிவைக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65-ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பவனைத்தான் தண்டிக்கிறது. தன் கூட்டில் தானே மை ஊற்றுகிறவன் எந்த நூலைத் திருடினான்? 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் மற்றொரு பொருளையும் வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைக் கட்டுப்பாட்டு வியாபாரமென்று வர்ணிக்கிறது. இதற்கெல்லாம் மேலாக, 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவு, சொந்தக்காரருடைய அனுமதியின்றிக் கம்ப்யூட்டரின் வேலைக்கு இடையூறு செய்பவர் நஷ்டஈடு தரவேண்டும் என்கிறது. கம்ப்யூட்டரோடு இணைந்த வெளியீட்டுச் சாதனங்களும் அச்சட்டத்தின் வியாக்கியானத்தில் அடங்கும். யந்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று, பல பக்க நிபந்தனைகளின் கீழே 'சம்மதம்' என்று தொட்டதையே அனுமதி என்று கம்பெனி வாதிக்கும். நடுராத்திரியில் யந்திரத்தை முடக்குவதற்கும் அந்தத் தொடுகை சம்மதமாகுமா என்பதை ஒரு கோர்ட்டு முன் வைத்துப் பார்ப்பது தகும்.

கார்களின் உதிரி பாகங்களைத் தனிப்பட்ட மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததற்காக, பதினான்கு கார்க் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன்மீது அப்பீல்கள் எழுந்தன. எனினும் அதில் கண்ட கொள்கை நம் விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். 2022 ஜூலையில் மத்திய சர்க்கார், பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆலோசிக்க ஒரு கமிட்டி அமைத்தது. அதே வருஷம் டிசம்பர் 24-ந் தேதி அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே அப்போது முதலாவதாகக் குறிக்கப்பட்டன. பிரிண்டரும் அதன் கூடும் அந்த ஜாபிதாவில் தனியாக இடம்பெறவில்லை. இந்தக் குறையை நிவர்த்திக்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை.

சர்க்கார் வரும்வரை ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவில் நடந்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அங்கே சிறு கடைக்காரர்கள் பிரிண்டரின் பக்கத்தில் மைப்புட்டிகளைக் கட்டி, சன்னமான குழாய்களால் கூட்டோடு இணைத்து, தாராளமாக அச்சிட்டு வந்தார்கள். கம்பெனிக்கு யந்திரம் விற்றது, மை விற்கவில்லை. கடைசியில் எப்சன் கம்பெனி, ஜனங்கள் செய்துகொண்டதையே தானும் செய்வதென்று தீர்மானித்து, மைத்தொட்டியுடன் கூடிய பிரிண்டரை 2010-ல் முதன்முதலாக அந்நாட்டில் விற்றது. பிறகு அது இந்தியாவுக்கும் வந்தது. மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின. இன்று நம் ஊர் ஸ்டூடியோக்களில் பழக்கமான ஆறு வர்ண எல்805 யந்திரத்துக்கு மை 70 மில்லி லிட்டர் புட்டிகளில் கிடைக்கிறது. யந்திரத்தின் விலை ஏறியது. மையின் விலை இறங்கியது. இந்த நன்மையைக் கம்பெனி தானாக மனமுவந்து வழங்கவில்லை. கையில் ஊசி பிடித்த சாமானியர்கள் தங்கள் உரிமையை விடாமல் உபயோகித்ததால் விளைந்த பலன் இது. உபயோகிக்காத உரிமை நாளடைவில் இல்லாமற்போகும் என்பது வக்கீல்களுக்கு மட்டும் தெரிந்த விஷயமன்று.

ஆதலால் கார்ட்ரிட்ஜ் யந்திரம் வைத்திருப்போருக்கு நாம் கூறும் யோசனை இது. வேலைக்கு நிரப்பத்தக்க கூடுகள் ஒரு வரிசை. அவசரத்துக்குக் கம்பெனியின் கூடுகள் ஒரு வரிசை, உறை பிரிக்காமல். இரண்டும் கடையில் இருக்குமானால் ராசிபுரத்து அன்பருக்கு நேர்ந்த சங்கடம் நேராது. உத்தரவாதக் காலத்தில் யந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுபோகும்போதும் கம்பெனிக் கூடுகள் உதவும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று வருஷக்கணக்குக்கு வாங்கி அடுக்குவது தவறு; உறையில் அச்சிட்டிருக்கும் காலவரம்பைப் பார்த்து, பழையதை முன்னே எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் மையை வைக்கலாகாது. நிழலும் குளிர்ச்சியுமுள்ள அலமாரியில், உறையில் குறித்த பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். ஆறு வர்ண யந்திரத்தில் முகப்படங்களுக்கு வெளிர் நீலமும் வெளிர் சிவப்பும் அதிகம் செலவாகும். அவற்றில் ஒவ்வொன்று கூடுதலாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நீரில் கரையும் சாய மையையும் பொடி கலந்த நிறமி மையையும் ஒருபோதும் கலக்கலாகாது. கூடு முற்றும் வறளுமுன் நிரப்ப வேண்டும். வேலை இல்லாத வாரத்திலும் ஒரு படமாவது அச்சிட்டால்தான் துவாரங்கள் அடையாமலிருக்கும். இணையம் அவசியமில்லாத இடத்தில் யந்திரத்தை வயர் மூலம் கம்ப்யூட்டரோடு மட்டும் இணைப்பதும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்தி வைப்பதும் நல்லது.

மை நிரப்பும் தொழில் செய்வோருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நிரப்புவது வேறு, போலி செய்வது வேறு. காலிக் கூட்டில் சொந்த மையை ஊற்றி, கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டியில் அடைத்துப் புதிதென்று விற்பவன் நம் அனுதாபத்துக்குரியவனல்லன். 1999-ம் வருஷத்து வியாபார முத்திரைச் சட்டத்தின் 103-ம் பிரிவு போலி முத்திரையிடுபவனுக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசம் விதிக்கிறது, அது முறையே. நேர்மையாக நிரப்புகிறவர் தம் பெயரையும், மையின் வகையையும், நிரப்பிய தேதியையும் கூட்டின்மேல் எழுதட்டும். ஸ்டூடியோக்காரரும் வாடிக்கைக்காரரிடம் ஒளிக்க வேண்டாம். பரீட்சை விண்ணப்பத்தில் ஒட்டும் படத்துக்கு நிரப்பிய மை போதும். பேரன் காலம் வரை சுவரில் தொங்க வேண்டிய தாத்தாவின் படத்துக்கு உயர்ந்த மையைப் போட்டு, அதற்குரிய விலையைக் கேட்டு வாங்கட்டும். ஒரு போலிக்காரன் செய்யும் மோசம், நூறு நேர்மையாளர்கள்மீது பூட்டுப் போடக் கம்பெனிகளுக்குச் சாக்காக அமைகிறது.

மையும் சுதேசியமும் சம்பந்தப்பட்டது இது முதல் தடவையன்று. காந்தியடிகள் சுதேசி மை வேண்டுமென்று விரும்பியதன் பயனாக, 1934-ல் வங்காளத்து ராஜஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் சுலேகா மைத் தொழிலைத் தொடங்கினார்கள். அதற்கு ஒன்பது வருஷங்களுக்கு முன், சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி அதைத் துறந்த ராஜாஜி, திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்து, ஏழைகளின் கையில் ராட்டையைக் கொடுத்தார். ராட்டையை வாங்கியவர் அதில் எந்தப் பஞ்சை நூற்கலாம் என்று ராட்டை செய்த தச்சன் உத்தரவு போட்டதில்லை. தன் கருவி தன் வசம் இருக்கும்வரையில்தான் கைத்தொழிலாளி சுதந்திரன். கருவி பிறர் கட்டளைக்குக் கீழ்ப்படியத் தொடங்கும் தினத்தில் அவன் கூலியாளாகிறான்.

கடைசியாக, சர்க்கார் செய்ய வேண்டியவை மூன்று. பிறர் கூடுகளை ஏற்காத யந்திரமானால் அதைப் பெட்டியின் மேலேயே, விலைக்குப் பக்கத்தில், தமிழிலும் எழுத வேண்டும் என்று விதிக்க வேண்டும். விற்றபின் யந்திரத்துக்குள் புகுந்து, வேலை செய்துகொண்டிருந்த கூட்டை மறுக்கச் செய்வதைச் சட்ட விரோதமாக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அமலிலிருக்கும் மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் சேர்க்கப்பட்டிருக்கிறது. குப்பைக்குப் பொறுப்பேற்கச் சொல்லும் சர்க்கார், குப்பையாகாமல் மறுபடி நிரப்புவதைத் தடுக்கும் பூட்டைச் சகிப்பது முரண்பாடு. மின்சாதனக் கழிவைப் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ம் வருஷத்துக் கட்டளையே, மறு உபயோகத்தைத் தடுக்கும் அமைப்புகளைத் தயாரிப்பவர்கள் புகுத்தலாகாது என்று கூறியிருக்கிறது. நாம் பின்தங்கியிருக்க நியாயமில்லை.

சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலுள்ள படக்கடைக்காரர்களும் ஜெராக்ஸ் கடைக்காரர்களும் ஒன்றுகூடி, யந்திரம் நின்ற தேதி, காட்டிய எழுத்து, நஷ்டமான தொகை ஆகியவற்றை எழுதிவைத்து, ஜில்லா நுகர்வோர் ஆணையத்துக்கு முறைப்படி மனுச் செய்யட்டும். தனி மனிதனின் முணுமுணுப்பு காற்றோடு போகும். நூறு பேர் கையொப்பமிட்ட மனு பைலில் நிற்கும். யந்திரம் யாருடையது என்று கேட்ட அன்பருக்கு நம் விடை இதுவே: அது தங்களுடையதுதான், ஐயா. ஆனால் அதை உரத்துச் சொல்ல வேண்டியவர் தாங்களே.